ஆன்ட்டி கழற்றிக் கொடுத்த ஷூ

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு ஜோடி ஷூவைக் கையிலேயே வைத்திருக்கும் வேலை என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. மிஞ்சிப்போனால் ஒரு மணி நேர வேலை. அதை நான் உருப்படியாகச் செய்யவில்லை. அம்மா, சித்தப்பா, கொலுப்படியில் உட்கார்ந்திருந்த முப்பது நாற்பது சாமிகள் என்று எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு என ரொம்ப காலம் வாதாடிக்கொண்டிருந்தேன். இப்போது வாதாடுவதில்லை.

அப்போது நாங்கள் நியூ ஜெர்சியில், எடிசன் பக்கம் ஓர் அபார்ட்மென்டில் இருந்தோம். இரண்டு மாடிச் செங்கல் கட்டடம். ஒவ்வொரு மாடியிலும் எதிரெதிராக இரண்டு வீடு. தரைக்குக் கீழே பேஸ்மென்டில் எல்லோருக்கும் பொதுவாகத் துணி துவைக்கும் அறை. எங்கள் எதிர்வீட்டில் வயதான பெண்மணி ஒருவர் தனியாக இருந்தார். எழுபதைத் தாண்டியவர், ஹங்கேரியிலிருந்து வந்த யூதர். அமெரிக்காவில் யாரையும் பாட்டி என்று கூப்பிடக் கூடாது, கோபித்துக்கொள்வார்கள் என்று அப்பா எங்கோ கேள்விப்பட்டு வந்து சொன்னதால் அவர் எங்கள் எல்லோருக்கும் ஆன்ட்டி ஆனார். எனக்கும் ஆன்ட்டி, அம்மாவுக்கும் ஆன்ட்டி. அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் வெள்ளிக்கிழமை. அன்று சாயங்காலம் ஆன்ட்டி இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி, கண்களைக் கையால் மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுப்பார். அதே நேரத்தில் எதிரே எங்கள் வீட்டில் அம்மா குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டிருப்பாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிற பெண் நம்பத் தகுந்தவள் என்பது அம்மாவின் தீர்ப்பு. அதற்கு மேல் அவரைப் பற்றி நாங்கள் எதுவும் விசாரித்ததில்லை. அவர் கதை என்ன, எப்படி இங்கே வந்தார், எதுவும் தெரியாது. அடுத்தவர் வீட்டுக் கதையைத் தோண்டக் கூடாது என்ற மரியாதை என்று வெளியில் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் எங்களுக்கு எங்கள் கவலையே பெரிதாக இருந்தது.

அந்த வருஷம்தான் கிரீன் கார்டு வந்தது. ஊரில் எம்.சி.ஏ. படித்துவிட்டு ஏழு வருஷமாக வீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டெஸ்டிங் வேலை கிடைத்தது. ஆஃபர் லெட்டரை அவள் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அழுததை நான் பார்த்தேன். இடைஞ்சல் நான் ஒருத்திதான். ஸ்கூல் பஸ் மூன்றேகாலுக்கு என்னை இறக்கிவிடும். அம்மா வர ஆறு ஆகும், நியூயார்க்கிலிருந்து ரயில் பிடித்து அப்பா வர ஏழரை ஆகும். நடுவில் இருந்த நேரத்தை ஆன்ட்டி ஏற்றுக்கொண்டார். மழையோ பனியோ, பஸ் நிற்கும் மூலையில் வந்து நிற்பார். என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பாலும் பிஸ்கெட்டும் கொடுத்து உட்கார வைப்பார். அதிகம் பேச மாட்டார். தினமும் காலையில் எனக்குத் தலை வாரிவிடும்போது அம்மா சொல்வாள்: "ஆன்ட்டிய படுத்தாத. அவங்க முடியாதுன்னு சொல்லிட்டாங்கன்னா என் வேலை போச்சு." சீப்பை இழுக்கிற இழுப்பிலேயே விஷயத்தின் கனம் தலையில் இறங்கிவிடும்.

ஆன்ட்டியிடம் அம்மாவுக்குப் பிடிக்காத ஒன்றே ஒன்று அவருடைய ஷூ. பழுப்பு நிறத்தில், கயிறு கட்டுகிற, கனமான ஷூ. அதைப் போட்டுக்கொண்டேதான் சமைப்பார், சோபாவில் உட்காருவார், மெழுகுவர்த்தி ஏற்றுவார். ஒரு நாள் கழிப்பறைக்குப் போகும் வழியில் அவர் படுக்கையறையை எட்டிப் பார்த்தேன். கட்டிலை ஒட்டி ஒரு நாற்காலி போட்டு, அதன் மேல் வெள்ளைத் துண்டு விரித்து, இன்னொரு ஜோடி ஷூவை வைத்திருந்தார். இதை வீட்டில் வந்து சொன்னபோது அம்மா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். நாற்காலி மேல் செருப்பு வைக்கிற வீட்டில் குழந்தை பால் குடிக்கிறதே என்று அப்பாவிடம் புலம்பினாள். வேலையை விட்டுவிடு என்றார் அப்பா. புலம்பல் அத்தோடு நின்றது.

புரட்டாசி வந்தது. ஊரில் எங்கள் இரண்டு பக்கத்திலும் கொலு வைக்கும் வழக்கமே கிடையாது. அமெரிக்கா வந்த பிறகு, கொலு வைக்காவிட்டால் தமிழ்க் குடும்பமா என்றே சந்தேகப்படுகிறார்கள் என்று அம்மா ஆரம்பித்து வைத்தாள். அட்டைப் பெட்டிகளையும் புத்தக அலமாரியையும் அடுக்கி அப்பாவின் வேட்டியைப் போர்த்தினால் ஐந்து படி தயார். ஊரிலிருந்து பெட்டியில் ஸ்வெட்டருக்கு நடுவில் வந்த மண் பொம்மைகள் மேலே. என் பார்பிகளும் பிளாஸ்டிக் டைனோசரும் கீழே. வார நாளில் யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் ஒரேயடியாகக் கூப்பிட்டுவிடுவோம். ஐம்பது அறுபது பேர் வருவார்கள். ஐம்பது அறுபது ஜோடி செருப்பும் வரும்.

ஆன்ட்டியைக் கூப்பிடாமல் இருக்க முடியாது. கூப்பிட்டால் ஷூவோடு கொலுவுக்கு முன்னால் வந்து நிற்பார். இரண்டு நாள் யோசித்த அம்மா, கடைசியில் அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினாள். குழந்தை சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அவள் கணக்கு.

ஆன்ட்டி ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்தபோது சொன்னேன். எங்கள் வீட்டுக்குள் ஷூ போட்டுக்கொண்டு வரக் கூடாது, கழற்றிவிட்டு வரவேண்டும் என்று. ஆன்ட்டியின் கத்தி நின்றது. எல்லோருமா கழற்றுவார்கள் என்று கேட்டார். எல்லோரும்தான் என்றேன். கழற்றி எங்கே வைப்பார்கள் என்றார். வாசலில் மொத்தமாக, என்றேன். யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. செருப்பை யாராவது காவல் காப்பார்களா? ஆன்ட்டி சிரிக்கவில்லை. மிச்சத் தோலைச் சீவி முடித்து, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். வர மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் வந்தார். அன்று காலையிலிருந்தே மழை. நாலு மணிக்கெல்லாம் எங்கள் வாசலில் ஆரம்பித்த செருப்புக் கூட்டம் மாடிப்படி வரை இறங்கிவிட்டது. நீல கவுனும் முத்து மாலையும் போட்டுக்கொண்டு ஆன்ட்டி தன் கதவைத் திறந்தார். இரண்டே எட்டில் எங்கள் வாசல். அந்த இரண்டு எட்டுக்குள் அவர் ரொம்ப நேரம் நின்றார். உள்ளேயிருந்து பார்த்துவிட்ட அம்மா ஓடிவந்து, பரவாயில்லை ஆன்ட்டி, ஷூவோடயே வாங்க என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கசப்பு மருந்து விழுங்குகிற முகத்தோடுதான் சொன்னாள், ஆனாலும் சொன்னாள். இதை அம்மாவின் கணக்கில் நான் எப்போதும் சேர்த்துக்கொள்வேன்.

ஆன்ட்டி உள்ளே எட்டிப் பார்த்தார். வெறுங்காலோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த பெண்கள், பட்டுப் பாவாடையோடு ஓடிக்கொண்டிருந்த குழந்தைகள். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். விரல்கள் சரியாக ஒத்துழைக்கவில்லை. இரண்டையும் கழற்றி, ஒன்று சேர்த்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"கையிலேயே வைத்திரு. கீழே வைக்காதே. நான் கேட்கும்போது கொடு."

சரியென்று தலையாட்டினேன். அது போதவில்லை.

"வாயால் சொல்."

"கீழே வைக்க மாட்டேன்," என்றேன்.

உள்ளே இன்னும் அவர் காலின் சூடு இருந்தது. ரொம்பப் பொறுப்பாகத்தான் ஆரம்பித்தேன். ஷூவை மார்போடு அணைத்துக்கொண்டு கொலுவுக்குப் பக்கத்தில் நின்றேன். ஆன்ட்டி நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் சுண்டல் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, பொம்மைகளைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நகர்ந்தால் அவர் கண்ணும் நகர்ந்தது. வந்திருந்த பெண்கள் என்னைக் காட்டிச் சிரித்தார்கள். அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்து பார்த்தாள். பட்டுப் பாவாடை, தலையில் மல்லிகைச் சரம், நெஞ்சில் ஒரு ஜோடி ஷூ. அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது.

அதற்குள் வந்திருந்த மாமி ஒருவர், குழந்தையைப் பாடச் சொல்லுங்கள் என்றார். கொலுவில் இது ஒரு சம்பிரதாயம். வந்த குழந்தை, வீட்டுக் குழந்தை, தொண்டை கட்டின குழந்தை எதுவும் தப்பிக்க முடியாது. பிடித்துக்கொண்டே பாடுகிறேன் என்றேன். அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"செருப்பக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு சாமி முன்னாடி நின்னு பாடுவியா? வெளிய வெச்சிட்டு, கையக் கழுவிட்டு வா."

சத்தியம் பண்ணியிருக்கிறேன் என்றேன். ஆன்ட்டிக்குச் சொன்னால் புரியும், போ என்றாள். யாரும் ஆன்ட்டியிடம் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து ஆன்ட்டிக்கு முன்னால் இரண்டு பெண்கள் குனிந்து காபி வேண்டுமா, டீ வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அவர் முதுகுப் பக்கமாக நழுவி வெளியே போய், மற்ற செருப்புகளோடு சேராமல் சுவர் ஓரமாக ஷூவைத் தனியே வைத்தேன். ஒரு பாட்டு மூன்று நிமிஷம். முடித்துவிட்டு எடுத்துக்கொண்டால் ஆயிற்று.

முதல் பாட்டுக்குக் கைதட்டினார்கள். இரண்டாவது பாட்டைக் கேட்டு வாங்கினார்கள். மூன்றாவதை யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் பாடினேன்.

அந்த மூன்று பாட்டுக்குள் வெளியே வேறொரு காரியம் நடந்துவிட்டது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் வந்து, படியெல்லாம் செருப்பு கிடக்கிறது, யாராவது தடுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது என்று கத்தியிருக்கிறார். சித்தப்பா அப்போது ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கனெக்டிகட்டில் வேலை, சனி ஞாயிறில் எங்கள் வீட்டில். எந்த உதவி செய்து நல்ல பெயர் வாங்கலாம் என்று அலைந்துகொண்டிருந்த நேரம். பழைய பெட்ஷீட் மூன்றை விரித்து, எல்லாச் செருப்பையும் அள்ளிப்போட்டு மூட்டை கட்டி, துணி துவைக்கும் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்.

ஆன்ட்டி எழுந்து என்னிடம் கையை நீட்டினார். என் கை காலியாக இருந்தது. கதவைத் திறந்தேன். நடை கழுவிவிட்டது போல் சுத்தமாக இருந்தது.  சித்தப்பா மேலே ஏறி வந்து, "எல்லாம் கீழ லாண்டரி ரூம்ல பத்திரமா இருக்கு. நனைஞ்சதெல்லாம் காஞ்சிடும்," என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் அதை ஆன்ட்டிக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, காலுறையோடு படி இறங்கினார். இனி பஸ் மூலைக்கு வர மாட்டார், அம்மாவுக்கு வேலை போய்விட்டது என்று ஒவ்வொரு படியிலும் நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

சித்தப்பா மூன்று மூட்டையையும் ஒரே இடத்தில் கொட்டியிருந்தார். டியூப்லைட்டுக்குக் கீழே, சிமென்ட் தரையில், என் இடுப்பு உயரத்துக்கு ஒரே குவியல். டிரையர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஈரத் தோலும் ரப்பரும் சேர்ந்து அந்த அறை சூடாக நாறியது. ஆன்ட்டி கடைசிப் படியில் நின்றார். நான் ஓடிப்போய்த் தேடினேன். தேடவே வேண்டாம், அவருடைய பழுப்பு ஷூ இரண்டும் குவியலின் ஓரத்தில், மேலாகவே கிடந்தன. இதோ, கிடைத்துவிட்டது என்று தூக்கிக் காட்டினேன்.

அவர் அதைப் பார்க்கவில்லை. குவியலுக்கு எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தார். ஒரு ஷூவை எடுத்தார். உள்ளே கையை விட்டு, விரலால் அடிவரை தடவி, குதிகாலை அழுத்திப் பார்த்து, வளைத்துப் பார்த்து, வலப்பக்கம் வைத்தார். அடுத்ததை எடுத்தார். மறுபடியும் கை, விரல், குதிகால், வளைப்பு. கயிறு இருந்தவற்றை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டார். ஆண்களுடையது ஓரிடம், பெண்களுடையது ஓரிடம். அவருக்குக் கை நடுங்கும் என்று எனக்குத் தெரியும், கோப்பையை இரண்டு கையால்தான் பிடிப்பார். அன்று நடுங்கவில்லை. அவ்வளவு வேகமாக யாரும் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

முதலில் எனக்குப் பயமாக இருந்தது. அப்புறம், சித்தப்பா செய்த குளறுபடியைச் சரி செய்கிறார் என்று தோன்றியதும் உற்சாகமாகிவிட்டது. நானும் எதிரே உட்கார்ந்து ஜோடி தேட ஆரம்பித்தேன், வாய்விட்டு எண்ணவும் ஆரம்பித்தேன். உங்களுடையதுதான் கிடைத்துவிட்டதே என்று நடுவில் கேட்டேன். அவர் தலையைத் தூக்காமல் சொன்னார்:

"பேசாதே. நிமிர்ந்து பார்க்காதே. சீக்கிரம்."

குழந்தைகளின் ஷூ வந்தால் மட்டும் கையை உள்ளே விடவில்லை. அதைத் தன் பின்பக்கம், முதுகுக்குப் பின்னால் வைத்தார். நடந்தால் அடியில் சிவப்பு விளக்கு மின்னுகிற ஷூ ஒன்று வந்தது. அதையும் பின்னால் வைத்தார். ஏன் அவை மட்டும் அங்கே என்று கேட்க நினைத்தேன், பேசக் கூடாது என்பது ஞாபகம் வந்து விட்டுவிட்டேன்.

வீட்டுக்குக் கிளம்பியவர்கள் செருப்பு தேடிக் கீழே வந்தார்கள். வரிசையைப் பார்த்துவிட்டு, எவ்வளவு நேர்த்தி, வெள்ளைக்காரர்கள் வெள்ளைக்காரர்கள்தான் என்று ஒருவர் வியந்தார். இன்னொருவர் தன் செருப்பைக் காட்டி, அது என்னுடையது, நன்றி என்று ஆன்ட்டியிடமே கையை நீட்டினார். அவர்களுக்குப் பின்னால் அம்மா வந்தாள்.

வீட்டுக்கு வந்த விருந்தாளி, வயதில் மூத்தவர், சிமென்ட் தரையில் உட்கார்ந்து ஊரார் செருப்பையெல்லாம் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்கு இதைவிடப் பெரிய பாவம் உலகத்தில் கிடையாது. "ஐயோ ஆன்ட்டி, வேண்டாம், தொடாதீங்க," என்று பாய்ந்து அவர் கையிலிருந்த செருப்பைப் பிடுங்கினாள்.

ஆன்ட்டி சட்டென்று எழுந்தார். கைகளை உடம்போடு ஒட்டி, கால்களைச் சேர்த்து, சுவரைப் பார்த்து விறைப்பாக நின்றார். ஸ்கூலில் கொடிக்கு முன்னால் நாங்கள் நிற்பது போல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தும்விட்டேன். அம்மா அதற்குள் குனிந்து, மன்னிப்புக் கேட்கும் விதமாக அவர் இரண்டு காலையும் தொட்டாள். ஆன்ட்டி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.  அடி விழப்போகிறது என்று நினைக்கிற குழந்தை அப்படித்தான் நிற்கும் என்று எனக்கு இப்போது தெரிகிறது.

அம்மா நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, புரியவில்லையோ, கூட்டத்தை மேலே போகச் சொன்னாள். என் கையிலிருந்த பழுப்பு ஷூவை வாங்கினாள். அவரை மெதுவாகப் படியில் உட்கார வைத்து, பட்டுப் புடவை தரையில் புரள எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக ஷூவை மாட்டிக் கயிற்றைக் கட்டினாள். இரட்டை முடிச்சுப் போட்டாள். ஷூ காலில் ஏறிய பிறகுதான் ஆன்ட்டிக்கு மூச்சு சீராக வந்தது. என் பக்கம் திரும்பி, எத்தனை ஆயிற்று என்று கேட்டார். நான்தான் எண்ணிக்கொண்டிருந்தேனே, நாற்பத்து மூன்று என்று பெருமையாகச் சொன்னேன்.

"போதாது," என்றார்.

மேலே ஏறிப் போய்த் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா வெற்றிலைபாக்கு, ரவிக்கைத் துணி, சுண்டல் எல்லாம் தட்டில் வைத்து எடுத்துப்போய்த் தட்டினாள். கதவு திறக்கவில்லை. ஆன்ட்டிக்கு ஒரு மகன், தென் நியூ ஜெர்சியில் எங்கோ இருந்தார். அவசரத்துக்கு என்று அவர் நம்பர் எங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தது. அப்பா கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். அதற்கப்புறம் அப்பா பேசவே இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். ஃபோனை வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார். சாப்பாட்டு மேஜையில் ஹோம்வொர்க் நோட்டோடு நான் இருந்ததை இருவரும் மறந்துவிட்டார்கள்.

"போர் சமயத்துல யூதர்களப் பிடிச்சு முகாம்ல அடைச்சாங்கள்ல, அதுல இவங்களும். பதினேழு வயசாம். அங்க கொண்டு வந்து சாகடிச்ச ஜனங்களோட ஷூ மலை மாதிரி குவிஞ்சு கிடக்குமாம். அதைப் பிரிக்கிறதுதான் இவங்களுக்குக் குடுத்த வேலை. நகை ஏதாவது ஒளிச்சு வெச்சிருக்காங்களான்னு உள்ள கை விட்டுப் பாக்கணும். ஒரு நாளைக்கு இத்தனை ஜோடின்னு உண்டு. குறைஞ்சா அடி."

 அப்பா தொடர்ந்தார். போர் முடிகிற சமயத்தில் முகாமைக் காலி செய்து, இருந்தவர்களைப் பனியில் நாள்கணக்காக நடக்க வைத்தார்களாம். காலில் ஒன்றும் இல்லாதவர்கள் வழியிலேயே விழுந்தார்களாம். ஆன்ட்டி மட்டும் அந்தக் குவியலிலிருந்து ஒரு ஜோடியைத் திருடி ஒளித்து வைத்திருந்தாராம். அதனால்தான் உயிரோடு இருக்கிறார் என்றார் அப்பா.

"அந்தக் கால்ல இருந்து போய் கழட்டச் சொன்னேனே," என்றாள் அம்மா. அப்புறம் எழுந்து போய் கொலு விளக்கை அணைத்தாள்.

எனக்கு எல்லாம் காதில் விழுந்தது, ஒன்றும் புரியவில்லை. செத்துப்போவது என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஊரிலிருந்து ஃபோன் வரும், அம்மா அழுவாள் என்பதுதான். வயதானவர்கள்தான் சாவார்கள். அவ்வளவு வயதானவர்கள் ஒரே இடத்துக்கு எதற்கு வந்தார்கள்? சாவதற்கு முன்னால் ஷூவை ஏன் கழற்றினார்கள்? அவர்கள் வீட்டிலும் உள்ளே போட்டுக்கொண்டு வரக் கூடாதோ? யோசிக்க யோசிக்கக் குழம்பியது. தெளிவாகப் புரிந்தது ஒரே ஒரு வார்த்தைதான், திருடி. ஆன்ட்டி ஷூ திருடியிருக்கிறார்.

மறுநாள் காலை அம்மா எனக்குத் தலை வாரும்போது சீப்பை இழுக்கவே இல்லை. மூன்றேகாலுக்குத் தானே வந்து பஸ் மூலையில் நிற்பதாகச் சொன்னாள். ஒரு நாளைக்கு மட்டும் ஆபீஸில் அனுமதி கேட்டு வாங்கிவிட்டாள். தினமும் கேட்க முடியாது, புது வேலை. நாளைக்கு என்ன செய்வது என்று அப்பா கேட்டதற்கு, தெரியாது என்றாள். ஆன்ட்டியைப் பார்த்தால் மன்னிப்புக் கேள், கீழே வைத்தது நீதான் என்று சொல்லிவிடு என்று என்னிடம் சொன்னாள்.

பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக முதலில் தெரிந்தது அம்மாவின் கார், தெருவுக்கு அந்தப் பக்கம். அப்புறம் மூலையில் ஆன்ட்டி. அதே கோட்டு, அதே ஷூ, இரட்டை முடிச்சுக்கூட அப்படியே இருந்தது. நான் இறங்கியதும் என் பையை வாங்கிக்கொண்டார். அம்மா காரை விட்டு இறங்கவில்லை. நாங்கள் இருவரும் நடக்க ஆரம்பித்த பிறகு கார் மெதுவாகக் கிளம்பி ஆபீஸ் பக்கம் திரும்பிப் போயிற்று. எனக்கு உயிர் வந்தது.

வீட்டுக்குள் போய்ப் பாலும் பிஸ்கெட்டும் வந்த பிறகு, அம்மா சொன்னபடி மன்னிப்புக் கேட்டேன். நான்தான் கீழே வைத்தேன், மூன்று பாட்டு பாடினேன், மூன்றாவதை யாரும் கேட்கவில்லை என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நன்றாகப் பாடினாய் என்றார் ஆன்ட்டி. என் கணக்கு தீர்ந்துவிட்டது. இனி நியாயமாகப் பார்த்தால் அவர் முறை.

"நீங்கள் ஒரு ஜோடி ஷூ திருடினீர்களாமே," என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. எனக்கு எதிரே உட்கார்ந்தார். "ஆமாம்," என்றார்.

"யாருடையது?"

"தெரியாது. ஒரு பெண்ணுடையது. அவளுக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கும். உள்ளே காகிதம் மடித்து வைத்திருந்தாள். எனக்குச் சரியாக இருந்தது."

எங்கள் ஸ்கூலில் யாருடையது என்று தெரியாத பொருளைப் போட ஒரு பெட்டி உண்டு, அதில் போட்டிருக்கலாமே என்று சொன்னேன். அங்கே அப்படிப் பெட்டி இல்லை என்றார். அப்படியானால் அவளைத் தேடிக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும் என்றேன். 

"ஆமாம்," என்றார். "கொடுத்திருக்க வேண்டும்."

"பாவம், அவள் எப்படி வீட்டுக்குப் போயிருப்பாள்? வெறுங்காலோடு, அந்தப் பனியில்?"

ஆன்ட்டி எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி, ஏற்கெனவே கழுவியிருந்த கோப்பைகளைத் திரும்பக் கழுவ ஆரம்பித்தார். பெரியவர் அல்லவா, தப்பைக் குழந்தையிடம் ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மேற்கொண்டு கேட்காமல் பிஸ்கெட்டைப் பாலில் தோய்த்துச் சாப்பிட்டேன். மனதுக்குள் அவரைப் பெருந்தன்மையாக மன்னித்தும்விட்டேன்.